கடலில்லாத நாட்டுக்கு ஆறு வள்ளங்கள்

நான் எக்ஸ்போர்ட் மேனேஜராக இருந்த கம்பெனி அதுவரை எதையும் எக்ஸ்போர்ட் செய்ததில்லை. ஒரு வருஷம் சம்பள உயர்வு கேட்டுப் போய் நின்றேன். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பணத்துக்குப் பதிலாக அந்தப் பதவியைக் கொடுத்தார். மேஜைமேல் ஒரு பெயர்ப்பலகை வந்தது. மற்றபடி பழைய வேலைகள்தாம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது, மின்சார ஆபீஸ் வரிசையில் நிற்பது, டீ வராத நாளில் தூக்குப்பாத்திரத்தோடு நானே கடைக்குப் போவது. பதவியை மதித்த ஒரே ஆள் என் மனைவி. “எக்ஸ்போர்ட் மேனேஜரே, அந்த மீன் கழுவின தண்ணியக் கொண்டு தென்னை மூட்டுல ஊத்துங்க” என்பாள்.

கம்பெனி மலையாளக் கரையில், விழிஞ்ஞம் என்ற மீன்பிடி ஊருக்குப் போகும் சாலையில் இருந்தது. மீன்பிடி வள்ளம் கட்டுவோம். உடம்பு ப்ளைவுட், மேலே ஃபைபர் பூச்சு. அலையை முட்டி ஏறுவதற்காக மூக்கு உயரமாக இருக்கும். மணலில் இழுத்துப் போடுவதற்காக அடி தட்டையாக இருக்கும். அந்தக் கரையில் எங்கள் வள்ளத்துக்கு நல்ல பெயர் இருந்தது. கட்டுகிறவர்கள் குளச்சல் பக்கத்து ஆசாரிமார். நானும் மார்த்தாண்டத்துக்காரன் என்பதால் அவர்களோடு தமிழ் பேசும் வேலையும் என் தலையில் இருந்தது. முதலாளி மலையாளி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் தமிழன் என்பதால் அவருக்கு நான் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவர் டெல்லியிலிருந்து வந்த ஒரு தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, நம்மள் ஆப்பிரிக்காவுக்குப் போறோம்!”

“எதுக்கு முதலாளி, என்ன தப்பு பண்ணினோம்?”

விஷயம் இதுதான். நம் அரசாங்கம் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு மீன்பிடி வள்ளங்கள் கொடுக்கப் போகிறது. (எந்த நாடு என்று சொல்லாமல் விடுகிறேன். அந்த நாட்டை ஏற்கெனவே விசாரிக்கிறவர்கள் அதிகம்.) முதலில் ஆறு, இலவசமாக. அதன்பின் நூறு, கடனாக. வட்டி குறைவு, இருபது வருஷத் தவணை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பணத்தை அவர்கள் கையில் தரமாட்டார்கள். வள்ளத்தை நம் நாட்டில்தான் வாங்கவேண்டும். அதாவது கடன் டெல்லியில் கிளம்பி விழிஞ்ஞம் சாலையில் வந்து நின்றுவிடும். திருப்பிக் கட்டும் வேலைக்கு மட்டும் ஆப்பிரிக்கா.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. சில வருஷங்களுக்கு முன்புதான் நம் நாடு தங்கத்தைக் கப்பலேற்றி அடகு வைத்ததாகப் பேப்பரில் படித்திருந்தேன். அடகுக்கடை ரசீது அலமாரியில் இருக்கும்போதே அடுத்த தெருக்காரனுக்குக் கடன் கொடுக்க முடியுமா? முதலாளியிடம் கேட்டேன்.

“எடோ அண்ணாச்சி, கையில் பைசா இல்லாதவன்தான் நல்ல ஷர்ட் போட்டு நடக்கும். நீ போய் ஒரு பேனர் எழுது. அவங்க ஆபீசர் வள்ளம் பார்க்க வராரு. நாலு நாள் நல்லோணம் பார்த்துக்கோ. ரெண்டு தாள்ல ஒப்பு, அதான் கையெழுத்து, வாங்கணும். ஆறுக்கு ஒண்ணு, நூறுக்கு ஒண்ணு.”

பேனர் வாசகத்துக்கு நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதி அச்சான முதல் வரி அது. ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் ‘நம் இரு நாடுகளையும் தழுவி நிற்கும் ஒரே கடலுக்கு வணக்கம்’ என்று வரும். நீலத் துணியில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் அலைகள். கேட்டில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஆபீசர் வந்தார். அந்த நாட்டின் மீன்வளத் துறையில் மூத்த அதிகாரி. ஒல்லியான ஆள், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மார்ச் மாத வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கேட்டில் காரை விட்டு இறங்கியவர் பேனரைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“அழகான வாக்கியம். யார் எழுதியது?”

“நான்தான் சார்” என்றேன், கொஞ்சம் நெளிந்து.

என் தோளில் கை வைத்தார். “எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது” என்றார்.

முதலாளிக்கு அந்த ஆங்கிலம் புரிந்துவிட்டது. புரிந்ததை அவர் முகம் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற, ஆசாரிமாருக்குத் தலைவரான மூத்தாசாரி என் முழங்கையைச் சுரண்டினார்.

“என்ன பறையுதாரு சாரே?”

“அவங்க நாட்டுல கடல் இல்லையாம்.”

“கடல் இல்லாம பின்ன எப்பிடி? அப்போ நாடு எங்க போய் முடியும்?”

“அடுத்த நாட்டுல.”

“அது மட்டும் போதுமா? நாலு பக்கமும் ஆளு இருந்தா மனுசன் எந்தப் பக்கமா காத்து வாங்குவான்?”

ஆபீசரிடம் அதை அப்படியே சொன்னேன். சிரித்தார். “நல்ல கேள்வி. எங்களிடம் ஏரி இருக்கிறது. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது. மீன் உண்டு, காற்றும் உண்டு” என்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் மீன்பிடி வள்ளம் என்று கேட்டார்கள். டெல்லி மீன்பிடி வள்ளம் என்று எங்களுக்கு எழுதியது. நாங்கள் எங்களிடம் இருந்ததிலேயே சிறந்த வள்ளத்தின் படத்தை அனுப்பினோம். டெல்லி முத்திரை குத்தியது. இலவச ஆறையும் நாங்கள் கட்டி முடித்தோம். எந்தத் தண்ணீரில் என்று எவரும் கேட்கவில்லை. டெல்லிக்காரனுக்குத் தண்ணீர் எல்லாம் ஒன்றுதான்; அவனை விட்டுவிடலாம். எங்கள் விஷயம் வேறு. விழிஞ்ஞத்தில் எவனிடமாவது போய் ‘உன் மீன் உப்புத் தண்ணீரிலா இருக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள், வைத்தியரிடம் கூட்டிப் போவார்கள். உலகத்தைப் படைத்த பிறகு மிச்ச இடத்தில் ஊற்றியது கடல் என்று மற்றவர்கள் நினைக்கலாம். எங்களுக்குக் கடல்தான் முதலில்.

அன்று சாயங்காலம் விழிஞ்ஞம் கரையில் அதே மாதிரி கட்டிய வேறொரு வள்ளத்தை இறக்கிக் காட்டினோம். ஏற்பாடு ஆகிவிட்டதே, நிறுத்த முடியுமா? கரையில் நின்றவர்கள், வலை பின்னியவர்கள், சும்மா பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடிவந்து தள்ளினார்கள். வள்ளம் அலையில் ஏறி மூக்கைத் தூக்கி, மறுபக்கம் சொத்தென்று விழுந்து போயிற்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீசர் வள்ளத்தைவிடத் தள்ளினவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர்களுக்கு யார் கூலி கொடுப்பது?”

“கூலி இல்லை சார். வள்ளம் திரும்பி வரும்போதும் கை கொடுப்பார்கள். ஆளுக்கு ரெண்டு மீன் கிடைக்கும்.”

“எங்கள் ஏரிக்கு விடியற்காலையில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் போவார்கள். கரையில் கொக்கு நிற்கும். கொக்கு தள்ளாது.”

என்ஜினைப் பற்றிக் கேட்டார். மண்ணெண்ணெய் குடிக்கும் என்றேன். இங்கே மீன்பிடிக்கிறவர்களுக்கு அரசாங்கம் குறைந்த விலையில் மண்ணெண்ணெய் தரும். அவர்கள் நாட்டில் அது இரண்டு தேசம் தாண்டி லாரியில் வரவேண்டுமாம். யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி நாம்தானே போடவேண்டும் என்றேன். அவர் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு கரையில் கவிழ்த்திருந்த ஒரு பழைய வள்ளத்தின்மேல் உட்கார்ந்தார். அவர் சொன்னதிலிருந்து அவருடைய நிலைமை எனக்கு விளங்கியது.

நூறு வள்ளம் வருகிறது என்று அவருடைய மந்திரி ஏற்கெனவே ரேடியோவில் சொல்லிவிட்டார். ஆபீசர் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டால் மந்திரிக்குச் சந்தோஷம். அதன்பின் இருபது வருஷம் அவருடைய துறை தவணை கட்டவேண்டும், நாணல் புதரில் கிடந்து மக்கப் போகிற வள்ளங்களுக்காக. அந்தத் தவணை ஏரிக்காரர்களின் மீன் வரியிலிருந்துதான் போகும். போடாமல் திரும்பினால் ஏரி தப்பிக்கும், இவருடைய வேலை தப்பிக்காது. பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

“பழக்கம்தான். ஒரு நாடு எங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தது. அதன் பல்பு அந்த நாட்டில் மட்டும்தான் கிடைக்கும். இன்னொரு நாடு ரோடு போட்டது. சுரங்கம் வரை போய் நின்றுவிட்டது. மற்றொருவர் டைப்ரைட்டர்கள் கொடுத்தார்கள், அவர்கள் பாஷையில். ஒவ்வொன்றுக்கும் விழா எடுத்து நன்றி சொன்னோம். நன்றி சொல்லிச் சொல்லி எங்கள் மந்திரிக்குக் கழுத்து வலி” என்றார்.

நான் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் எங்கள் முதலாளிக்குக் கணக்கு சரியாக வரும்போது தெரிகிற மாதிரி ஒரு சிரிப்புதான் இருந்தது.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக் கரமனையில் இருந்த என் வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனேன். மனைவி பிரியாணிக்கு ஏற்பாடு செய்திருந்தாள். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். எங்களுக்கென்று அவித்து வைத்திருந்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு கண்ணில் பட்டுவிட்டது.

“இது எங்கள் சாப்பாடு!” என்று எழுந்தே விட்டார். அவர் வீட்டில் தினமும் அதுதானாம். பிரியாணியை நானும், கிழங்கையும் மீன்கறியையும் அவரும் சாப்பிட்டோம். கையால் பிசைந்து அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து மனைவி, “இவரப் போய் ஆப்பிரிக்காக்காரர்ன்னு சொன்னீங்களே, நம்ம திக்கணங்கோட்டுப் பெரியப்பா போல இருக்காரு” என்றாள். மொழிபெயர்த்தேன். பெரியப்பாவுக்கு எத்தனை மாடு என்று கேட்டார்.

சாப்பிட்ட பிறகு கடன் பேச்சு வந்தது. திருப்பித் தரவேண்டிய நன்கொடை என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று அவர் பொதுவாகக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு யோசிப்பதற்குள் மனைவி, “ஏன் இல்ல? மொய் இருக்கே” என்றாள்.

“அது என்ன?”

அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலப்படுத்தினேன். கல்யாணத்துக்குப் போனால் பணம் கொடுப்போம், அன்பளிப்புதான். நம் வீட்டில் கல்யாணம் வரும்போது அவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு வருவார்கள், அதுவும் அன்பளிப்புதான்.

“கொண்டு வராவிட்டால்?”

“கேக்க மாட்டோம். அதெப்படி கேக்க முடியும், மரியாதை இல்லியா? பேச்சு மட்டும் பேசுவோம்.”

“எவ்வளவு நாள்?”

“ஆளு சாகுற வரைக்கும். சில வீட்டுல அதுக்குப் பொறவும்.”

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “எங்களிடமும் யாரும் கேட்பதில்லை. ஆலோசகர்களை அனுப்புவார்கள். அவர்கள் வந்து பேசுவார்கள்.” பிறகு மனைவியைப் பார்த்து, “கல்யாண வீட்டில் சாப்பாடாவது போடுவீர்களா?” என்றார்.

“பின்ன? பாயசத்தோட.”

“அப்படியென்றால் உங்கள் முறைதான் மேல்.”

லாட்ஜில் கொண்டுவிடும்போது ஆட்டோவில் கேட்டார்: “இங்கே அலையில்லாத, உப்பில்லாத தண்ணீர் எங்கேயாவது இருக்கிறதா?”

வெள்ளாயணிக் காயல் இருக்கிறது. நல்ல தண்ணீர். எங்கள் கம்பெனியிலிருந்து லாரியில் கொஞ்ச தூரம்தான். அங்கே வள்ளத்தை இறக்கிப் பார்க்கவேண்டும் என்றார். முதலாளியிடம் கேட்டால் ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். மறுநாள் அவர் எறணாகுளம் போகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் தைரியசாலி அல்ல. ஆனால் இந்த வள்ளம் குளத்தில் என்ன செய்யும் என்று அறியாமல் எனக்குத் தூக்கம் வராது போல் இருந்தது. ஆசாரிமாருக்கும் அதே வியாதி. “ச்சும்மா பாக்கத்தானே” என்று எல்லாரும் லாரியில் ஏறிவிட்டார்கள்.

வெள்ளாயணிக் கரையில் தாமரைக்கு நடுவே பச்சைப் பாய் விரித்தது மாதிரி ஒரு களை கிடந்தது. ஆபீசர் அதைக் கையில் அள்ளி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

“ஆப்பிரிக்கன் பாயல் சார்.”

“எங்களுடையதா?”

“அப்படித்தான் இங்கே சொல்கிறார்கள். ஊரெல்லாம் வாய்க்காலை அடைக்கும்.”

“கடனாகத் தந்தோமா, இலவசமாகவா?”

“இலவசம் சார்.”

“பார்த்தீர்களா, நாங்களும் கொடுத்திருக்கிறோம்” என்று சொல்லிக் கம்பளிக் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார்.

அவரும் நானும் ஏறித் துடுப்புப் போட்டோம். நான் துடுப்புப் போட்ட பக்கமெல்லாம் வள்ளம் வட்டமடித்தது. அதற்குக் காரணம் நான் என்று முதலில் எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். என்னை இறக்கிவிட்டு ஒரு ஆசாரி ஏறினார். அப்போதும் வட்டம்தான். அலைக்காகத் தூக்கி வைத்த மூக்கில் காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் மூக்குப் போன திசையில் போயிற்று. பக்கத்தில் சின்னத் தோணியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “சாரே, இது வள்ளமோ பட்டமோ? நூலு எங்கே?” என்று கேட்டார். என்ஜினைப் போட்டோம். பாயல் சுற்றிக்கொண்டு அது ஒரு தும்மல் தும்மி நின்றது. கடைசியில் மூத்தாசாரி இடுப்புத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கு மானம் போய்விட்டது. “இதொரு தண்ணியா? அனக்கம் இல்லாம, அசையாம கெடக்கு” என்று காயலைத் திட்டினார்.

ஆபீசர் நனைந்த துணியோடு வள்ளத்தின் மூக்கைச் சாண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முன்பக்கத்தை இரண்டடி வெட்டித் தாழ்த்திவிட்டால் காற்று பிடிக்காது, துடுப்புக்கு நிற்கும், உடம்பு நல்ல உடம்பு என்றார்.

இதை மறுநாள் முதலாளியிடம் மெதுவாக அவிழ்த்தேன். அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

“வெட்டுறதா? டெல்லி ஒப்பு போட்ட படம் அண்ணாச்சி! ஒரு இஞ்ச் குறைஞ்சா அது வேற வள்ளம். வேற வள்ளத்துக்கு வேற அப்ரூவல். அது வரதுக்குள்ள மார்ச் முடியும், பணம் திரும்பப் போகும். இவருக்கு வள்ளமும் இல்லை, எனக்குக் காசும் இல்லை. வேணும்னா இதே வள்ளம். இல்லேன்னா டாட்டா. போய்ச் சொல்லு.”

சொன்னேன். ஆபீசர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “கையெழுத்துக்கு முன்னால் யாரும் தொடக்கூடாது, அப்படித்தானே?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். ஆமாம் என்றேன். லாட்ஜ் அறையில் அன்று அவர் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாகத் தம்பானூர் பஸ்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று, எந்தப் பஸ் எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்து நாள் வந்தது. பந்தல், நாற்காலி, போட்டோக்காரர் எல்லாம் தயார். பேனரில் கடல் என்ற இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி ‘தண்ணீர்’ என்று நான் திருத்தியிருந்தேன். ஆறு வள்ளங்களும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. முதலாளி கசவுச் சரிகைக்கரை போட்ட புது வேட்டி ஒன்றை, மலையாளத்தில் முண்டு, ஆபீசரின் தோளில் போர்த்தினார். கைதட்டினோம். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தார்கள்.

ஆபீசர் முதல் தாளை நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாளை எடுத்தார், படித்தார், பேனாவை மூடினார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“இந்த ஆறு வள்ளமும் இப்போது யாருடையவை?”

“உங்களுடையது சார். உங்க கவர்மென்டுடையது” என்றார் முதலாளி, வாயெல்லாம் பல்லாக.

“இந்த இடத்தில் எங்கள் கவர்மென்ட் நான்தான்.” அவர் என் பக்கம் திரும்பினார். “மூத்தாசாரியை ஒரு ரம்பம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.”

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கையெழுத்துக்கு முன் அது டெல்லியின் படம். கையெழுத்துக்குப் பின் அது அவருடைய வள்ளம். தன் வள்ளத்தின் மூக்கை ஒருவர் வெட்டினால் டெல்லிக்கு என்ன? முதலாளிக்கும் உறைத்துவிட்டது. “அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லு” என்று மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் என்னிடம் சொன்னார். நான் எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தடை வந்தது முதலாளியிடமிருந்தல்ல. மூத்தாசாரி ரம்பத்தைத் தொடவில்லை.

“நடக்காது சாரே. தண்ணி தொடாத்த புது வள்ளத்துக்க அணியத்த வெட்டுறது பெத்த பிள்ளைக்க மூக்க அறுக்கது மாதிரி. அதும் போகட்டு. வள்ளம் இப்பமும் எனக்க வள்ளமாக்கும்.”

“எப்படி உங்க வள்ளம்? இப்பதானே ஒப்புப் போட்டாங்க?”

“ஒப்பு உங்களுக்கு. எங்களுக்கு முண்டு. வள்ளத்த எடுக்கவரு மூத்தாசாரிக்குப் புது முண்டு தரணும். தந்தாத்தான் வள்ளம் அவருக்கது. அதுக்குப் பொறவு அவரு வெட்டச் சொன்னாலும் கொளுத்தச் சொன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த ஆறுக்கு எவன் எனக்கு முண்டு தந்தான்? டெல்லியா தந்தான்?”

உண்மைதான். குளச்சல் கரையில் அது தப்பாத வழக்கம். கரைக்காரர்கள் வள்ளம் வாங்கும்போது முண்டோடுதான் வருவார்கள். அரசாங்கம் வாங்கியதால் எல்லாருக்கும் அது மறந்துபோயிற்று, மூத்தாசாரியைத் தவிர. நான் இதை ஆபீசருக்கு விளக்கினேன். முதலாளி நடுவில் புகுந்து, “முண்டு கடையில் போய் வாங்கணும், நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்கு” என்றார்.

ஆபீசர் தன் தோளில் கிடந்த கசவு முண்டை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டு கையாலும் மூத்தாசாரியிடம் நீட்டினார். மூத்தாசாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி வானத்தைப் பார்த்தார். தான் கொடுத்த முண்டை எப்படித் தடுப்பார்? மூத்தாசாரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“செரி. எத்தன அடி?”

“இரண்டு” என்றார் ஆபீசர் விரலைக் காட்டி. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதல் வெட்டு விழுந்தபோது முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஃபைபர் தூள் பறந்தது. போட்டோக்காரர் மட்டும் குஷியாகப் படமெடுத்தார். ஆறையும் வெட்டித் தாழ்த்தி, வெட்டின இடத்தில் மறுபடி பூச்சுப் போட்டு முடிக்க நாலைந்து நாளாயிற்று. ஆபீசர் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கூடவே நின்றார். முதல் மூக்கு காய்ந்ததும் வெள்ளாயணிக்கு எடுத்துப் போனோம். இரண்டு பேர் துடுப்புப் போட நேராகப் போயிற்று. நான் ஏறினேன், அப்போதும் நேராகவே போயிற்று. அதைவிடப் பெரிய சோதனை அந்த வள்ளத்துக்கு வைக்க முடியாது. என்ஜின் பெட்டிகளைத் திறக்காமலே கப்பலில் ஏற்றச் சொன்னார். மந்திரி அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம்.

நூறு வள்ளத்தின் தாளை அவர் வெற்றாகவே திருப்பிக் கொடுத்தார். இந்த ஆறும் எங்கள் ஏரியில் ஒரு மழைக்காலம் ஓடட்டும், பிறகு சொல்கிறேன் என்றார்.

விமான நிலையத்தில் கேட்டேன்: “மந்திரியிடம் என்ன சொல்வீர்கள் சார்?”

“இந்தியர்கள் எங்கள் அளவுக்கு வெட்டித் தைத்தே கொடுத்தார்கள் என்று சொல்வேன். அதற்கும் ஒரு விழா எடுப்பார்.”

“நூறு எங்கே என்று கேட்டால்?”

“கேட்பார்” என்றார். கம்பளிக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “கேட்கும்போது என் பின்னால் ஆறு வள்ளம் மிதந்துகொண்டிருக்கும். இதுவரை நான் எதற்கும் வெறுங்கையோடுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.”

அந்த வருஷக் கடன் பணம் வீணாகவில்லை. மார்ச்சுக்குள் கொடுத்தே ஆகவேண்டும் என்பதால் அதே நாட்டுக்கு டிராக்டர்களாகப் போயிற்று என்று கேள்விப்பட்டோம். முதலாளி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மின்சார ஆபீஸுக்கும் டீக்கடைக்கும் கண்ணாலேயே அனுப்பினார். மூன்றாம் வாரம் அவரே என் மேஜைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அவங்க ஊரில் மழைக்காலம் எப்போ?”

“தெரியாது முதலாளி.”

“ஏரிக்கரை சேறா, மணலா?”

“தெரியாது.”

“அப்போ கேளு! எக்ஸ்போர்ட் மேனேஜர்தானே?”

ஃபேக்ஸ் அனுப்பத் தாளை எடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். மழை எப்போது, காற்று எந்தப் பக்கம், கரையில் எவ்வளவு ஆழம், வலை எத்தனை கனம், வெட்டிய மூக்கு எப்படி இருக்கிறது. மூத்தாசாரி வாசலில் நின்றுகொண்டு, இரண்டு பேர் போதுமா, மூன்றாவது ஆளுக்கு ஒரு பலகை வைக்கவேண்டுமா என்று கேட்கச் சொன்னார். தாள் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிற்று. எழுந்து போன முதலாளி வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“ஒண்ணு கூட எழுது. ஏரி மீனுக்கு முள்ளு ஜாஸ்தியா? அதையும் கேளு.”